புதுச்சேரியில் மணி என்ன?

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரையில் காற்று வாங்குவார்கள். மணக்குள விநாயகரைத் தரிசிப்பார்கள். பாரதியார் குடியிருந்த வீட்டைப் பார்த்து மனம் உருகுவார்கள். அரவிந்தாசிரமத்தில் சற்று நேரம் மௌனமாக உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார்கள். நாமும் இவற்றையெல்லாம் செய்தோம். ஆயினும் நாம் அந்த ஊருக்குப் போன முக்கிய நோக்கம் வேறு. அங்குள்ள வீடுகளின் சுவரில் தொங்கும் கடிகாரங்களைப் பார்த்துவிட்டு வரவே போனோம்.

"கடிகாரம் பார்க்க ஒரு பிரயாணமா? அது நம் வீட்டிலேயே தொங்குகிறதே!" என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் மற்ற ஊர்களில் கடிகாரம் மணி காட்டுவதோடு நின்றுவிடுகிறது; புதுச்சேரியிலோ அது சரித்திரமும் சொல்லுகிறது. 1674ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரையில், இடையிடையே டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பறித்துக்கொண்ட காலம் நீங்கலாக, பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் அது. அந்த 280 வருஷங்களில் ஊராருடைய பொழுதை யார் அளந்தார்கள், யாருக்காக அளந்தார்கள் என்று விசாரிக்கப் புகுந்தால், கூடத்துக் கடிகாரம் வெறும் வீட்டுச் சாமானாகத் தோன்றுவதில்லை.

கூடத்துச் சுவரில்

வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரையை ஒட்டிய பகுதியில் வெள்ளையர் வாழ்ந்தார்கள். மேற்கே தமிழர் வாழ்ந்தார்கள். மேற்குப் பகுதியின் பழைய வீடு ஒன்றினுள் நுழைவோம். வாசலில் மரத்தூண் நிறுத்திய தாழ்வாரம், அதையடுத்துத் திண்ணை, உள்ளே வானம் பார்த்த முற்றம். முற்றத்தைச் சுற்றியுள்ள கூடத்தில், முன்னோர்களின் படங்களுக்கு நடுவே, கண்ணாடிக் கதவு போட்ட ஓர் உயரமான மரப்பெட்டி. அதற்குள்ளே ஒரு பித்தளை ஊசல் அவசரமின்றி அசைந்துகொண்டிருக்கிறது.

முகத்தில் ரோமன் எண்கள். அதன் கீழ்ப்பாதியில் இரண்டு துவாரங்கள். ஒன்று முட்களை ஓட்டும் சுருள்வில்லுக்கு. மற்றொன்று மணி அடிக்கும் சுருள்வில்லுக்கு. இரண்டுக்கும் ஒரே சாவி. ஒரு முறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும். ஆகையால் வாரத்தில் ஒரு நாளை, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையை, இதற்கென்று வைத்துக்கொள்வார்கள். எட்டாம் நாள் ஒன்று மிச்சம் இருப்பது மறதிக்காரர்களுக்கு அந்தத் தொழிலாளி காட்டிய தாட்சண்யம் போலும்! மணிக்கு மணி எண்ணிக்கைப்படி அடிக்கும். அரை மணிக்கு ஒன்று அடிக்கும். தூக்கம் வராமல் புரளுகிறவர் இரவில் "டாண்" என்ற ஒற்றை ஒலி கேட்டால், அது பன்னிரண்டரையா, ஒன்றா, ஒன்றரையா என்று அறிய இன்னும் அரை மணி, சில வேளை ஒரு மணி, விழித்திருக்க வேண்டும்.

இத்தகைய கடிகாரத்தோடு வாழ்வது ஒரு வயோதிகரோடு வாழ்வதைப் போன்றது. அது சுவரில் நேராகத் தொங்க வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் "டிக்" ஒரு பங்கும் "டக்" இரண்டு பங்குமாக நொண்டி, பின்பு நின்றுவிடும். முள்ளைப் பின்னோக்கித் திருகினால் மணி அடிக்கும் பாகத்துக்கு ஆபத்து. முன்னோக்கித் தள்ளி, ஒவ்வொரு மணியையும் அடித்து முடிக்க விட்டுத்தான் நேரம் திருத்த வேண்டும். கடற்காற்றின் உப்பு எஃகு வில்லில் துருவாகப் படிகிறது. எண்ணெயோ புழுதியோடு சேர்ந்து பசையாகிறது. வெயிலும் அதைப் பாதிக்கும். உலோகம் சூட்டில் நீளும். ஊசல் நீண்டால் அசைவு மெதுவாகும். பித்தளைத் தண்டுள்ள கடிகாரம், உஷ்ணம் 10 டிகிரி ஏறினால், நாளொன்றுக்குச் சுமார் 8 விநாடி பின்தங்கிவிடும். சித்திரை வைகாசியில் "கடிகாரம் சோம்பிவிட்டது" என்று வீட்டுப் பெரியவர் சொன்னால் அது வெறும் வேடிக்கைப் பேச்சல்ல.

ஊசலின் அடியில் ஒரு சிறிய திருகு உண்டு. அதைத் திருகிக் குண்டை உயர்த்தினால் கடிகாரம் விரையும், தாழ்த்தினால் நிதானிக்கும். புதுச்சேரிக் கடிகாரங்களின் முதல் கதை இந்தத் திருகில்தான் இருக்கிறது.

பாரிஸ் கடிகாரத்தின் நடை

பாரிஸ் நகரத்தில் ஒரு விநாடியும் பிசகாமல் ஓடிய ஊசல் கடிகாரம் ஒன்றை அப்படியே கப்பலேற்றிப் புதுச்சேரியில் கொண்டுவந்து மாட்டினால் என்ன ஆகும்? நாள்தோறும் சுமார் 2 நிமிஷம் பின்தங்கும். கடிகாரத்தின் மீது குற்றமில்லை. பூமி பூரண உருண்டை அல்ல. நடுவிலே சற்றுப் பருத்தது. தன்னைத்தானே சுற்றுவதும் நடுக்கோட்டுப் பகுதியிலே அதிக வேகம். இந்த இரண்டு காரணங்களாலும் பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க அதன் ஈர்ப்பு குறைகிறது. ஊசலின் வேகமும் குறைகிறது. பிரெஞ்சு வானசாஸ்திரி ழான் ரிஷேர் 1672இல் தென் அமெரிக்காவிலுள்ள கயேன் தீவுக்குப் போனபோது, தம் கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிஷம் பின்தங்குவதைக் கண்டு திகைத்தார். பூமியின் வடிவத்தை நியூட்டன் விளக்கியபோது இந்தச் செய்தி அவருக்கு ஒரு சாட்சியாக உதவிற்று.

ஆகவே, விநாடிக்கு ஒரு முறை அசையும் ஒரு மீட்டர் ஊசலைப் புதுச்சேரிக்குப் பொருந்தும்படி செய்ய, அதை 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்க வேண்டும். பிரெஞ்சு அரசாங்கம் புதுச்சேரியின் சட்டத்தை மாற்றலாம், தெருப் பெயரை மாற்றலாம். ஆனால் இந்த மண்ணில் காலூன்றிய பாரிஸ் கடிகாரம் தன் நடையை மாற்றிக்கொண்டே தீர வேண்டும்!

இப்படிக் கடிகாரத்தோடும் வானத்தோடும் போராடிய ஒரு பிரெஞ்சுக்காரரின் கதை இந்த ஊருக்கு உரியது. அவர் பெயர் கியோம் லெ ழாந்தி. சுக்கிரன் சூரியனின் முகத்தைக் கடந்து செல்லும் அபூர்வக் காட்சியை 1761 ஜூன் 6ஆம் தேதி புதுச்சேரியிலிருந்து பார்க்க வேண்டும் என்று, 1760 மார்ச்சில் பிரான்ஸிலிருந்து கப்பலேறினார். அவர் வந்து சேர்வதற்குள் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டனர். கப்பல் திரும்பிற்று. நடுக்கடலில், ஆடும் தளத்தின் மேலிருந்து சுக்கிரனைப் பார்த்தார். ஆனால் கப்பலாட்டத்தில் ஊசல் கடிகாரம் ஓடாது. சரியான நேரமின்றி அந்தக் காட்சியால் கணக்குக்கு உபயோகமில்லை.

அடுத்த சந்தர்ப்பம் எட்டு வருஷம் கழித்து. அவர் ஊர் திரும்பவில்லை. காத்திருந்தார். 1768 மார்ச்சில் புதுச்சேரிக்கு வந்து, இடிந்துகிடந்த கோட்டையின் மேல் ஒரு வானாராய்ச்சிக் கூடம் அமைத்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர் பழைய பகையை மறந்து நல்ல தூரதரிசினி ஒன்றை அனுப்பி உதவினர். 1769 ஜூன் 4ஆம் தேதி விடியற்காலை கடிகாரம் தயார், கருவி தயார், மனிதரும் தயார். மேகம் வந்து சூரியனை மூடிற்று. சுக்கிரன் கடந்து போன பிறகே மேகம் விலகியது. மனமுடைந்த அவர் 1771இல் ஊர் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாக எண்ணி, உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தார்கள். கலைக்கழகத்தில் அவருடைய ஆசனமும் வேறொருவருக்குப் போயிருந்தது!

சோழிகளும் நாழிகையும்

லெ ழாந்தியின் பதினொரு வருஷங்கள் முழுவதும் வீணாகவில்லை. புதுச்சேரியில் தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையை அவர் ஆவலோடு கற்றுக்கொண்டார். கடிகாரமில்லை, காகிதமில்லை, தரையில் சோழிகளை வைத்தும் எடுத்தும், மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைக் கொண்டு கணக்கை முடித்துவிட்டார்கள். 1765 ஆகஸ்டு 30ஆம் தேதிச் சந்திர கிரகணம் நீடித்த காலத்தைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துக் காட்டிற்று. ஐரோப்பாவில் புகழ்பெற்ற மேயரின் அட்டவணையோ 68 விநாடி கூட்டிக் காட்டிற்று.

நம் பெருமையை மட்டும் சொல்லி நிறுத்துவது முறையன்று. ஜான் வாரன் என்ற வானசாஸ்திரி இதே புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைக் கொண்டு 1825 மே 31ஆம் தேதிச் சந்திர கிரகணத்தைக் கணக்கிடச் செய்தார். ஆரம்பத்தில் 4 நிமிஷப் பிழைதான். ஆனால் முடிவில் பிழை 52 நிமிஷமாயிற்று. பரம்பரையாக வந்த வாக்கியங்களை நெடுங்காலம் வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் விட்டால் அப்படித்தான் ஆகும். சுவர்க் கடிகாரத்துக்கும் அதே விதி.

நம் முன்னோர் நாளை 60 நாழிகையாகப் பிரித்தார்கள். ஒரு நாழிகை 24 நிமிஷம். நீர் நிறைந்த வட்டிலைக் கொண்டு அரசனுக்குப் பொழுது சொன்னவர்களைப் பற்றி முல்லைப்பாட்டிலேயே காண்கிறோம். கடிகாரம் என்ற பெயரே நாழிகையைக் குறிக்கும் கடிகை என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். அந்நிய யந்திரத்துக்கு நம் பழைய சொல்லையே சூட்டி வீட்டுக்குள் அழைத்துக்கொண்டோம்!

இரண்டு கணக்கையும் ஒருங்கே வைத்துக்கொண்டவர் ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேக்ஸ் துரையின் துபாஷியாக இருந்த அவர் 1736 செப்டம்பரில் தொடங்கி ஏறக்குறைய 1761இல் தாம் இறக்கும் வரையில் எழுதிய நாட்குறிப்பில், தமிழ் வருஷமும் மாதமும் ஒரு புறம்; ஐரோப்பியத் தேதியும் மணியும் மற்றொரு புறம். இன்றும் அவர் பெயரால் வழங்கும் வீதியிலுள்ள அவர் மாளிகையின் கீழ்த்தளத்தில் தமிழ் மரத்தூண்கள். மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணித் தூண்கள். வீட்டைப் போலவே நாட்குறிப்பும்!

இன்றைய கூடத்திலும் கடிகாரத்தின் பக்கத்தில் தினசரி காலண்டர் தொங்குகிறது. அதில் ராகுகாலம் ஒன்றரை மணி, அதாவது 3¾ நாழிகை. ஞாயிற்றுக்கிழமையானால் மாலை நாலரை முதல் ஆறு வரை. சூரியன் சரியாக ஆறு மணிக்கு உதிக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. புதுச்சேரியில் சூரியன் ஜூனில் ஆறுக்கு முன்பே வந்துவிடுகிறான். ஜனவரியில் ஆறரை மணி வரையில் வருவதில்லை. மணி பார்த்து ராகுகாலத்துக்கு அஞ்சுகிறவர்கள் சூரியனையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஊர்ப் பொழுதும் ரயில் பொழுதும்

முன்காலத்தில் ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும்போது பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டது. புதுச்சேரியின் சொந்தப் பொழுது கிரீன்விச்சுக்கு 5 மணி 19 நிமிஷம் 20 விநாடி முந்தியது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்தது. அந்நாளில் ரயில்கள் மதராஸ் நேரப்படி ஓடின. அதற்கும் புதுச்சேரிப் பொழுதுக்கும் வித்தியாசம் 2 நிமிஷத்துக்கும் குறைவே. பின்பு 1906 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிரிட்டிஷ் இந்தியா, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்திய பொது நேரத்தை ஏற்றுக்கொண்டது.

அந்தப் பொது நேரமே இன்று நம் எல்லோருடைய நேரமும். அதன்படி பார்த்தால் புதுச்சேரிச் சூரியன் சராசரி பத்து நிமிஷம் 40 விநாடி தாமதக்காரன். பிப்ரவரி நடுவில் உச்சிக்கு வர அவனுக்குப் பன்னிரண்டு மணி 25 நிமிஷம் ஆகிறது. நவம்பர் தொடக்கத்திலோ 11 மணி 54 நிமிஷத்துக்கே வந்துவிடுகிறான். காசி முதல் கன்னியாகுமரி வரை ஒரே மணி என்ற சௌகரியத்துக்காக ஒவ்வோர் ஊரும் தன் சூரியனை இவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

மில் சங்கு

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையேயுள்ள பெரிய மார்க்கெட்டில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. வீட்டில் கடிகாரம் வாங்க வசதியில்லாதவர்களுக்கு மணிக்கூண்டும் மாதா கோயில் மணியும் போதுமானவையாக இருந்தன. ஆனால் முதலியார்பேட்டை முதலிய இடங்களில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களுக்கு வேறொரு கடிகாரம் இருந்தது. அதற்கு முள் இல்லை, முகம் இல்லை, குரல் மட்டும் உண்டு. அதுதான் மில் சங்கு.

சவானா மில், ரோடியர் மில், கெப்ளே மில் என்று ஜனங்கள் வழங்கிய மூன்று பஞ்சாலைகள் புதுச்சேரியில் இருந்தன. விடியுமுன் சங்கு ஊதும். அடுப்பு மூட்டுவதும், குழந்தையை எழுப்புவதும், தூக்குப்பாத்திரத்தில் சோற்றை அடைப்பதும் அந்தச் சங்கின் கணக்குத்தான். கூடத்துக் கடிகாரம் வீட்டுக்காரர் சாவி கொடுத்தால் ஓடும். மில் சங்கோ வீட்டுக்காரரையே ஓட்டும்.

பிரான்ஸ் தேசத்தில் எட்டு மணி வேலைச் சட்டம் 1919இல் வந்துவிட்டது. பாரிஸிலிருந்து கடிகாரங்கள் வந்தன, கவர்னர்கள் வந்தார்கள், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களும் வந்தன. எட்டு மணி நேரம் மட்டும் கப்பலேறவில்லை. அதே கொடியின் கீழ், புதுச்சேரித் தொழிலாளி அதைவிட நெடுநேரம் தறிக்கு முன் நின்றான். வ. சுப்பையா முதலியோர் தலைமையில் தொழிலாளர் ஒன்றுகூடிப் போராடினர். 1936 ஜூலை 30ஆம் தேதி, வேலைநிறுத்தம் செய்த மில் தொழிலாளர் மீது பிரெஞ்சுப் படையினர் துப்பாக்கியால் சுட்டனர். 12 பேர் மாண்டனர்.

செய்தி பாரிஸ் வரை எட்டியது. 1937 ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்கும் எட்டு மணி வேலைச் சட்டம் வந்தது. 18 வருஷத் தாமதம்! பாரிஸ் ஊசல் புதுச்சேரியில் நாளுக்கு 2 நிமிஷம் பின்தங்குகிறது. அதற்கு இயற்கை காரணம். பாரிஸ் நீதி 18 வருஷம் பின்தங்கியதற்கு எந்தத் திருகைத் திருகுவது? பன்னிரண்டு உயிர்களைக் கொடுத்து அதைத் திருத்த வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் ஜூலை 30ஆம் தேதி புதுச்சேரி அவர்களை நினைவுகூருகிறது.

அந்தச் சட்டம் தொழிலாளியின் வீட்டுக்கு என்ன கொண்டுவந்தது என்று எண்ணிப் பாருங்கள். மாலைப் பொழுதைக் கொண்டுவந்தது. விளக்கேற்றும் வேளையில் தகப்பன் வீட்டில் இருப்பதைக் குழந்தை கண்டது. இன்று அந்தச் சங்குகள் ஓய்ந்துவிட்டன. பழைய ரோடியர் மில்லும் 2020இல் மூடப்பட்டது. நேரம் கிடைத்து, வேலை போய்விட்டது என்பது மற்றொரு துக்கம்.

தாமதமாக அடித்த மணி

இன்னொரு தாமதமும் உண்டு. 1947 ஆகஸ்டு 14ஆம் தேதி நள்ளிரவில் பன்னிரண்டு அடித்தபோது பாரதம் விடுதலை பெற்றது. புதுச்சேரியிலும் இரவு பிறந்து விடிந்தது. ஆனால் பிரெஞ்சுக் கொடி இறங்கவில்லை. சில மைல் தூரத்தில், எல்லைக்கு அப்பால், அதே வயல், அதே பேச்சு, அதே உறவினர். அவர்களுக்கு விடிந்த பொழுது இவர்களுக்கு விடியவில்லை. 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறியது. சட்டபூர்வமான ஒப்படைப்பு 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி நிறைவேறியது. நள்ளிரவு மணி புதுச்சேரியில் ஏழு வருஷம் கழித்து அடித்தது என்று சொல்லலாம்.

அடுக்களையில் மணி என்ன?

இவ்வளவும் கேட்டுவிட்டு மறுபடியும் பழைய கூடத்துக்கு வருவோம். நாம் பார்த்த பெரும்பாலான வீடுகளில் கடிகாரம் எங்கே தொங்குகிறது தெரியுமா? சாய்வு நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில். அடுப்படியிலிருந்து பார்த்தால் தெரிவதில்லை. அடுக்களையில் இருக்கும் தாய்க்கு அது ஓசையாக மட்டுமே எட்டுகிறது: காப்பிக்கு ஒரு மணி, பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு ஒரு மணி, ஆபீஸ் சாப்பாட்டுக்கு ஒரு மணி, மாலைச் சிற்றுண்டிக்கு ஒரு மணி. வீட்டில் கடைசியாகப் படுப்பவளும் அவளே. கடிகாரம் ஐந்து அடிப்பதற்கு முன் எழுந்திருப்பவளும் அவளே. மில் வாசல் வரையில் வந்த எட்டு மணிச் சட்டம் அடுக்களை வாசற்படியை இன்னும் தாண்டவில்லை. இது புதுச்சேரி வீட்டுக்கு மட்டும் உள்ள குறை அல்ல. நம் வாசகர்களில் எத்தனை பேர் வீட்டில் இது இல்லை?

கடிகாரத்தோடு வாழத் தெரிவது என்றால் சாவி கொடுக்கத் தெரிவது மட்டும் அல்ல. வீட்டில் யாருடைய நேரம் யாருக்காகச் செலவாகிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். பாரிஸும் சவானா மில்லும் சம்பந்தப்பட்ட அதே கேள்விதான், அளவில் சிறியது.

ஆகவே வாசகர்களுக்கு நம் விண்ணப்பம் இரண்டு. தாத்தா வாங்கிய சுவர்க் கடிகாரம் நின்று கிடந்தால், அதைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிடாமல், தேர்ந்த கைகளிடம் கொடுத்துத் துடைத்து எண்ணெயிட்டு மறுபடியும் ஓடச் செய்யுங்கள். குழந்தைகளின் கையில் சாவியைக் கொடுத்துப் பழக்குங்கள். அதை மீண்டும் மாட்டும்போது, அடுப்படியிலிருந்தும் மணி தெரியும்படியான இடத்தில் ஆணி அடியுங்கள். மாலை ஆறு அடித்ததும், உள்ளே இருப்பவளுடைய வேலையில் பாதியையாவது கூடத்தில் இருப்பவர்கள் எழுந்து போய் வாங்கிக்கொள்ளட்டும்.